பெங்களூரில் மைக் கிடையாது

நாடகக் குழுவில் ஸ்டேஜ் மேனேஜராக இருப்பவன் எந்த ஊரிலும் தனியாகத்தான் போய் இறங்குவான். நடிகர்கள் நாடகத்தன்று காலையில் ரயிலில் வந்து, ஹால் எங்கே, டிபன் எங்கே என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக ஒருவன் இரண்டு நாள் முன்னாலேயே போய் அந்த ஊரில் அவமானப்பட்டு முடித்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் பத்தொன்பது வருடமாக அந்த ஒருவன் நான். பெங்களூரில் மேம்பாலங்கள் பாதியில் நின்றுகொண்டிருந்த ஒரு வருடம், அங்கே ஒரு தமிழ் மன்றம் எங்களைக் கூப்பிட்டது. வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் வரமாட்டேன் என்றார். நான் விழிப்பதைப் பார்த்து உருதுவில் வரமாட்டேன் என்றார். அதற்கும் விழித்ததும், “தொம்மலூருக்கெல்லாம் ரிட்டர்ன் கெடைக்காது சார், வேற வண்டி பாத்துக்கோங்க” என்று தெளிவான தமிழில் சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார். மூன்று பாஷையில் மறுக்கத் தெரிந்தவர்கள் சென்னையில் இல்லை. எங்கள் ஊரில் ஒரே பாஷையில், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மறுப்பார்கள்.

மன்றத்து உறுப்பினர் ஒருவருடைய மாடி அறையில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த ஊர் நின்றுகொண்டே சாப்பிடுகிறது. மேஜை இருக்கிறது, நாற்காலி கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்களும் பெண்களும் பஸ்ஸைப் பிடிக்கப்போவது போல இட்லியை விழுங்குகிறார்கள். சாம்பாரில் வெல்லம். பாயசத்தில் முருங்கைக்காயைப் போட்டவர் யார் என்று கல்லாவில் கேட்கலாமா என்று பார்த்தேன். என் பின்னால் இருபது பேர் நின்றார்கள், கேட்கவில்லை.

ஹால் புதிது. கருங்கல், கண்ணாடி, வாசலில் மூங்கில். நாடகத்துக்கென்றே கட்டியது என்று மன்றத்துச் செயலாளர் போனில் பத்து தடவை சொல்லியிருந்தார். அதை நடத்துவது வீணா என்ற பெண். முப்பது வயதிருக்கும், கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், தலையில் டெலிபோன் ஆபரேட்டர் மாதிரி ஒரு ஹெட்செட். அவளும் ஸ்டேஜ் மேனேஜர்தானாம். தொம்மலூரில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். என்னைப் பார்த்ததும் “வாங்க அங்கிள்” என்றாள். அந்த நிமிடமே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

“மைக் எங்கேம்மா தொங்கும்?” என்று கேட்டேன்.

“மைக்கா? இங்கே மைக் கெடையாது அங்கிள். ஃபாரத்துலயே போட்டிருக்கே. நேச்சுரல் வாய்ஸ் மட்டும்தான்.”

சென்னை சபா நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மேடைக்கு மேலே நாலு மைக் தொங்கும். நடிகர்கள் ஒவ்வொருவராக அதனடியில் வந்து நின்றுதான் வாயைத் திறப்பார்கள். காதலிக்கும் இரண்டு பேர்கூட ஒருவரையொருவர் பார்க்காமல் மைக்கைப் பார்த்துக் காதலிப்பார்கள். சோபா எங்கே என்பதைக் கதை முடிவு செய்யாது, மைக் முடிவு செய்யும். இருபது வருடம் இப்படி நடித்தவர்களிடம் தொண்டை இருக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் என் கவலை அவர்களுடைய தொண்டை இல்லை.

மேடையோரத் திரைமறைவில், விங்கில் நின்றுகொண்டு, “இந்த ஊரில் காபிக்குக்கூட இங்கிலீஷ் பேர் வைத்திருக்கிறான்கள்” என்று எனக்குள் முணுமுணுத்தேன். கேன்டீன் பலகையில் அப்படித்தான் இருந்தது. வீணா அப்போது கடைசி வரிசையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஃபில்டர் காபி கேட்டாக் கொடுப்பாங்க அங்கிள்” என்று அங்கிருந்தே பதில் சொன்னாள்.

விங்கில் முணுமுணுத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. அப்படிக் கேட்க வேண்டும் என்றே யாரோ படித்தவன் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறான்.

எங்கள் குழுவின் முதலாளி, கதாசிரியர், கதாநாயகன் மூன்றும் வரதன் சார்தான். அறுபத்திரண்டு வயது. அவருக்கு வசனம் நிற்பதில்லை. தானே எழுதிய வசனம் தனக்கே நிற்பதில்லை. பத்து வரியில் நாலு வரியை நான் விங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். மைக் அவர் குரலை ஊதிப் பெருக்கும்போது என் கிசுகிசுப்பு அதில் அமுங்கிவிடும். மற்ற நடிகர்களுக்கே நிலைமை பாதிதான் தெரியும். இந்த மனிதர் தனக்குச் சால்வை போர்த்தும் மேடை ஒவ்வொன்றிலும், “ப்ராம்ப்டர் வெச்சுக்கறவன் நடிகனே இல்ல” என்று வேறு பேசுவார். நான் திரைக்குப் பின்னால் நின்று அதையும் கேட்டிருக்கிறேன். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த சீசனுக்கு ஒரு சபாவும் கூப்பிடாது. அவர் தலை குனிவது அவர் பாடு. எங்கள் பதினாலு பேருடைய பிழைப்பும் அவரோடு கூடவே குனியும்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னைக்குப் போன் செய்தேன். வரதன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நீ எதுக்கு இருக்கே தணிகா? பாத்துக்கோ” என்றார்.

பத்தொன்பது வருடமாக எல்லாக் கஷ்டத்துக்கும் அவரிடம் இருக்கும் ஒரே மருந்து இது.

மன்றத்துச் செயலாளரைப் பார்க்கப் போனேன். மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேறு ஹால் கேட்டேன். அவர் இந்த ஹாலின் கருங்கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொன்னார். மைக் கேட்டேன். “மிஸ்டர் தணிகாசலம், இது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட். இங்க மைக் கேட்டா நம்மளப் பட்டிக்காட்டான்னு நெனைப்பாங்க” என்றார். அவர் மனைவி கொண்டுவந்த காபி மட்டும் காபியாக இருந்தது. அந்த வீட்டில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

யாரையும் கேட்காமல் நானே கொண்டுவந்து தொங்கவிட்டால் என்ன செய்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஈஜிபுராவில் மாதேஷ் என்று ஒரு மைக்செட்காரர் இருப்பதாகச் சொன்னார்கள். சந்துக்குள் சந்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஜில்லாத் தமிழ் கேட்டது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள் அவர். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் நடுவே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

“டிராமாவுக்கா? அந்தக் கல்லு ஹாலுக்கா?” என்று சிரித்தார். “அங்க வுட மாட்டானுங்க சார். போன மாசம் ஒரு டான்ஸ் புரோகிராமுக்குப் போயி கேட்டுலயே திரும்பி வந்தேன்.”

நான் விடவில்லை. பிடித்த பிடியில் அவரையும் நாலு மைக்கையும் ஒரு ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி, ஸ்டாண்ட் ஒன்று டிரைவரின் முதுகில் இடித்தது. அவர் வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நின்று எங்களைத் திட்டினார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன, ஆனால் ஒருவரும் இறங்கி வந்து கேட்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பத்து பேர் பஞ்சாயத்துக்கு வந்திருப்பார்கள். இந்த ஊரில் சண்டையைக்கூடத் தனியாகத்தான் போட வேண்டும்.

ஹால் வாசலில் காவல்காரர் ஸ்டாண்டைப் பார்த்ததுமே கையை நீட்டி, “ஆகல்ல சார், ஆகல்ல” என்றார். முடியாது என்பதற்கு அந்த ஊர்ச் சொல். அகராதியே தேவையில்லாத முகம். மாதேஷ் மைக்குகளை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார். “ஏன் சார், உங்க ஆளுக்குத் தொண்டையே இல்லியா?” என்று கேட்டார். தொண்டைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மீதி இருந்தது ஒரே வழி. கடைக்குப் போய்க் கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கினேன். அறைக்கு வந்து வசனத்தைத் துண்டுத் துண்டாகத் தடித்த எழுத்தில் எழுதினேன். வரதன் சாரின் பாத்திரம் ஓய்வு பெற்ற நீதிபதி. மேடையில் அவர் கையில் எடுக்கும் சாமான் நிறைய. செய்தித்தாளுக்குள் ஒரு துண்டு, வழக்குக் கோப்புக்குள் மூன்று, டெலிபோனுக்குப் பின்னால் ஒன்று, பூ ஜாடியில் ஒன்று, காபி டம்ளருக்கு உள்ளே ஒன்று. பரீட்சைக்குப் பிட்டு எழுதும் பையனாக இருந்தபோதுகூட நான் இவ்வளவு உழைத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் குழு வந்து சேர்ந்தது. நான் எதிர்பார்த்தபடி, ஹால் எங்கே, டிபன் எங்கே என்றார்கள். வரதன் சார் துண்டுகளைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் சுலபம் என்றேன்.

“கண்ணாடியா? என் கண்ணுக்குத்தான்யா கைதட்டறாங்க” என்றார்.

அவருடைய கண்ணுக்கு யாரும் தட்டி நான் கேட்டதில்லை.

வீணா என்னிடம் இரண்டு பட்டியல் கேட்டாள். ஒன்று, எந்த வசனத்தில் எந்த விளக்கு என்பது. அதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, நான் டார்ச்சை அசைத்தால் விளக்குக்காரன் புரிந்துகொள்வான் என்றேன். “உங்க தலைய நான் எப்படி ஃபைல் பண்றது அங்கிள்?” என்றாள். உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது, மேடைச் சாமான்களின் பட்டியல். சோபா, டீப்பாய், டெலிபோன், கோப்பு, செய்தித்தாள், பூ ஜாடி, டம்ளர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். துண்டுக் காகிதம் ஏழு என்று எந்த மானமுள்ளவன் எழுதுவான்?

ஆறரைக்கு மூன்றாவது மணி அடித்ததும் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். அந்த ஹாலில் அது விதியாம். எங்கள் ஜனங்கள் ஏழு மணிக்குத்தான் வேட்டியே கட்டுவார்கள். சீஃப் கெஸ்ட் வெளியே மாட்டிக்கொண்டார், அவரை அழைத்துவரப் போன செயலாளரும் மாட்டிக்கொண்டார். அதனால் வரவேற்புரை இல்லாமல் நேராக நாடகம் தொடங்கியது. பெங்களூரில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அது.

வரதன் சார் சோபாவில் உட்கார்ந்து முதல் இரண்டு வரியைக் கம்பீரமாகச் சொன்னார். மூன்றாவது வரிக்குச் செய்தித்தாளைப் பிரித்தார். பிரித்தவர் அதையே வெறித்துப் பார்த்தார். விங்கிலிருந்து எட்டிப் பார்த்தேன். அது எங்கள் செய்தித்தாள் இல்லை. அன்றைய கன்னடப் பேப்பர்.

பக்கத்தில் நின்ற வீணாவைப் பார்த்தேன். நடந்தது பிறகுதான் தெரிந்தது. பட்டியலில் இல்லாத காகிதம் எதுவும் மேடையில் இருக்கக்கூடாது என்று ஐந்தரை மணிக்கு அவளுடைய ஆட்கள் எல்லாத் துண்டுகளையும் கிழித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். கசங்கிப்போன எங்கள் பேப்பரைத் தூக்கிப் போட்டுப் புதுப் பேப்பரும் வாங்கி வைத்திருந்தார்கள். டம்ளரைக்கூடக் கழுவியிருந்தார்கள்.

வரதன் சார் கன்னடப் பேப்பரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானூறு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் முடிந்தவரை தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தேன். “என் பெயரை இந்தப் பத்திரிகை மறந்துவிட்டது.” ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி விங்கைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார். வரதன் சாரின் கழுத்தில் பவுடரைத் தாண்டி வியர்வை இறங்கியது.

மறைக்கத்தான் முடியவில்லையே, பிறகு எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த தடவை அவர் வசனம் மறந்து நின்றபோது நான் கிசுகிசுக்கவில்லை. அவர் சொல்ல வேண்டிய வரியையே கேள்வியாக்கி, நிதானமாக, அடித்தொண்டையில், நீதிபதிக்கு எதிரில் நின்று கேட்பவனைப் போலச் சொன்னேன். “அந்தத் தீர்ப்பை நீங்கள் மறந்துவிட்டீர்களா?” அவர் துள்ளி விழுந்து, “நான் மறக்கவில்லை!” என்று கத்தினார். அந்தப் பதில் புத்தகத்தில் இல்லை. பயத்தில் கத்தியது. ஆனால் ஹால் அடங்கிவிட்டது.

முதல் காட்சி முடிந்து இருட்டானபோது, பாட்டுச் சத்தத்துக்கு நடுவே வீணா என் காதருகே வந்தாள்.

“இன்னும் எத்தனை எடம் அங்கிள்?”

“எனக்கெப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது.”

“செரி, சும்னே டென்ஷன் ஆகாதீங்க. நீங்க பேசறதுக்கு முன்னாடி வெரலத் தூக்குங்க. நான் லைட்ட மாத்தறேன்.”

விளக்கு அறைக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் மேஜையில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் அங்கே பச்சை பல்ப் எரியுமாம், வாயைத் திறக்கவே வேண்டாம். அதற்கப்புறம் நான் விரலைத் தூக்கினால் மேடை நீலமாகும், வரதன் சார் முகத்தில் மட்டும் வெளிச்சம் நிற்கும், நான் பேசுவேன். அவர் பதில் சொன்னதும் பழைய விளக்கு வரும். பட்டியல் இல்லாமல் ஒரு வேலையும் செய்யத் தெரியாதவள் என்று அவளை நினைத்திருந்தேன். அன்று ஒன்றரை மணி நேரம் என் விரலைத் தவிர அவளிடம் வேறு பட்டியல் இல்லை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இதைப் பாராட்டி எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

சிரமம் எனக்குத்தான். வரதன் சார் கைதட்டலுக்காகவும் நிறுத்துவார், மறந்துபோயும் நிறுத்துவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைதட்டலுக்கு நிறுத்தும்போது அவர் மூச்சை வெளியே விடுவார். மறந்தபோது உள்ளே பிடித்துக்கொள்வார். தோளைப் பார்த்தால் தெரியும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆயிற்று.

நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். இடைவேளையில்தான் உள்ளே வந்த செயலாளர் மேடையேறி, “நீதிபதியின் மனசாட்சியே ஒரு குரலாக வந்து அவரைக் கேள்வி கேட்ட அந்த உத்தி, தமிழ் மேடைக்கே புதிது!” என்று முழங்கினார். சீஃப் கெஸ்ட் சால்வை போர்த்தினார். வரதன் சார் கண்ணை மூடித் திறந்து, “ரொம்ப வருஷமா என் மனசுல இருந்த உத்தி. பொருத்தமான அரங்கத்துக்காகக் காத்திருந்தேன்” என்றார். கூச்சமே இல்லை. விங்கில் வீணா என்னைப் பார்த்தாள். நான் சோபாவைத் தூக்க ஆள் கூப்பிடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் குழு முழுவதும் ஒரே பெட்டியில் திரும்பியது. வரதன் சார் சால்வையை மடிக்காமல் தோளிலேயே போட்டிருந்தார். பயணிகளில் சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள், அதனால் குரல் உயர்ந்தது.

“இனிமே எல்லா ஊர்லயும் மனசாட்சி உண்டு” என்றார். “ஆனா தணிகா, ஒன் தொண்டை தவளை மாதிரி இருக்கு. ரேடியோவுல பேசற ஆள் யாரையாவது வெச்சு கேசட்டுல பதிவு பண்ணிடலாம். நீ விங்குல நிக்கவே வேணாம். சொல்லப்போனா, செட்டு வர்ற லாரிக்கு ஆள் இருந்தாப் போதும், நீ இப்படி அலையவும் வேணாம். ரெஸ்ட் எடு.”

மற்ற நடிகர்கள் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்று ஒருவர் சொல்லவும் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் போய் இறங்குகிறவனை இப்படித்தான் இறக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. கேசட் யாருக்காகவும் காத்திருக்காது, அதற்குத் தோளைப் பார்க்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “சரி சார்” என்றேன்.

எதிர் சீட்டில் இருந்த ஒரு பயணி, நாடகத்திலிருந்து ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார். அதற்காகவே ரயில் ஏறியவர் போல வரதன் சார் எழுந்து நின்றார். வலது கையை நீட்டி, கடைசிக் காட்சியைத் தொடங்கினார்.

“இந்தக் கைதான் ஒரு நிரபராதியின் பெயரை எழுதியது. இந்தக் கை அதற்குப் பிறகு பூஜை செய்தது. பேரனைத் தூக்கியது. ருசித்துச் சாப்பிட்டது. ஒருநாளும் நடுங்கவில்லை…”

நிறுத்தினார். பெட்டியே காத்திருந்தது. கைதட்டலுக்கு என்று அவர்கள் நினைத்தார்கள். நான் தோளைப் பார்த்தேன். மூச்சு உள்ளேயே நின்றிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. நிற்கட்டும் என்று இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவரை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இனித்தது என்பதையும் மறைக்கவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ரயிலின் ஆட்டத்தில் சால்வை தோளிலிருந்து சரிந்து கீழே விழுந்தது, அவருக்கு அது தெரியவில்லை. கண் மட்டும் என்னிடம் வந்தது. அந்தக் கண்ணில் முதலாளியும் இல்லை, கதாநாயகனும் இல்லை. வழி தவறிய ஒரு கிழவர்தான் இருந்தார்.

“இன்றுதான் நடுங்குகிறது” என்றேன்.

“இன்றுதான் நடுங்குகிறது!” என்று கர்ஜித்து, கையை மார்பில் வைத்துக்கொண்டார். பெட்டி முழுக்கக் கைதட்டியது. பக்கத்துப் பெட்டியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

வரதன் சார் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சந்தோஷமாக என் தொடையில் தட்டினார்.

“பாத்தியா தணிகா? கேசட்டுலயும் இதே மாதிரிதான், கரெக்டா வரும்.”